நேர்முகத்துக்கு வந்த ஃப்ரிஜ்

இலங்கை மலையகத்தில், எங்கள் டயகமவில் ஃப்ரிஜ் வாங்குகிறவர்களை நான் அதுவரை கிண்டல்தான் செய்திருக்கிறேன். மார்கழியில் வாசலில் வைத்த தண்ணீரைக் குடித்தாலே பல் கூசும் ஊர் இது. ஆனாலும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டு அக்கா, கணவர் கத்தாரிலிருந்து அனுப்பிய பணத்தில் ஒன்று வாங்கினார். அது என் படிப்புக்கே உலை வைக்கப் பார்க்கும் என்று நான் நினைக்கவில்லை.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கூடவே கொழும்புக் கல்லூரி ஒன்றில் முன்பள்ளிக் கல்வி டிப்ளோமாவை ஒன்லைனில் படித்துக்கொண்டிருந்தேன். முதல் தவணைக் கட்டணத்தை எப்படியோ கட்டியாயிற்று. இரண்டாம் தவணைக்கு வழியில்லை. வசதி குறைந்த மாணவர்களுக்குக் கல்லூரி தரும் உதவித்தொகை கிடைத்தால் படிப்பு, இல்லாவிட்டால் அத்தோடு சரி.

விண்ணப்பத்தில் வீட்டிலுள்ள பொருட்களைக் கேட்டிருந்தார்கள். டிவி உண்டு. ஃப்ரிஜ் இல்லை. மோட்டார் சைக்கிள் இல்லை. அந்த ‘இல்லை’களை நான் கொஞ்சம் உற்சாகமாகவே எழுதினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இல்லாததற்குப் புள்ளி கிடைக்கப்போகிறது அல்லவா! கிராம சேவகரின் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினேன். மாலை நான்கு மணிக்கு வீடியோவில் நேர்முகம் என்று பதில் வந்தது.

அதை அம்மாவிடம் சொன்னதுதான் நான் செய்த பிழை. வெளியாள் ஒருவர் வீட்டைப் பார்க்கப்போகிறார் என்றால் எங்கள் லயத்தில் அதற்கு ஒரே அர்த்தம், பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுதான். அப்படியான நாளில் யார் வீட்டில் எது நன்றாக இருக்கிறதோ அது அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். கேட்கக்கூட வேண்டியதில்லை.

நேர்முகத்தன்று வேலையிலிருந்து மூன்றே முக்காலுக்கு ஓடி வந்தேன். வீட்டு முன்னறையை, அந்த முன் காம்பராவை, எனக்கே அடையாளம் தெரியவில்லை. பூப்போட்ட திரைச்சீலை, உட்கார நான்கு புதுக் கதிரைகள், சுவர்க்கடிகாரம். மூலையில் அந்த ஃப்ரிஜ். நான்கு ஆட்கள் தூக்கி வந்து பிளக்கும் மாட்டிவிட்டிருந்தார்கள். அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

“அம்மா, இது இல்லாதவங்களுக்குக் குடுக்குற காசும்மா. இருக்குற மாதிரி காட்டுனா எப்புடிக் குடுப்பாங்க?”

“இல்லன்னுதான் எழுதிட்டியே, அது போதாதா? பாக்கவும் அப்புடியே இருக்கணுமா?” என்றபடி இரவல் சங்கிலி ஒன்றை என் கழுத்தில் மாட்டிவிட்டார்.

ஃப்ரிஜ்ஜை நகர்த்த நேரமில்லை. சிக்னல் கிடைப்பது ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான். அங்கே மாவு டின்னில் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தால், என் தலைக்குப் பின்னால் சரியாக அதுதான் நின்றது. பொருள் தந்தவர்கள் எல்லாரும் வாசலில் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

நேர்முகம் செய்த மேடம் நல்லவராகத்தான் தெரிந்தார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், வகுப்புகளைப் பற்றிக் கேட்டார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்குக் கிட்ட வந்தார்.

“பின்னால ஃப்ரிஜ் ஒன்று இருக்குதே. விண்ணப்பத்தில இல்லை என்று போட்டிருக்கிறீங்க. தகவல் பிழையென்றால் எங்களால உதவி செய்ய முடியாது.”

அது இரவல் என்பது லயத்துக்கே தெரியும். ஆனால் தந்தவர்கள் காது கேட்க, வெளியாளிடம் அதைச் சொன்னால் அம்மாவின் மானம் போய்விடும். சொல்லாவிட்டால் என் படிப்பு போய்விடும். “அது வந்துங்க மேடம்... அது...” என்று இழுத்தேன். பொய் சொல்கிறவளும் அப்படித்தான் இழுப்பாள். மேடம் குனிந்து எதையோ எழுதத் தொடங்கினார்.

அம்மா என்னைத் தள்ளிவிட்டுப் போனுக்கு முன்னால் வந்து நின்றார். வீட்டில் அரிசி இல்லாத நாளில்கூட, கேட்டவர்களிடம் சாப்பிட்டாச்சு என்று சொல்லிப் பழகியவர் அவர்.

“அது எங்களுது இல்லைங்க மேடம். கதிர, தெர, கடியாரம், ஒன்னுமே எங்களுது இல்ல. அவ கழுத்துல கெடக்குறதும் இரவல்தான். இதுல எங்களுது அவ ஒருத்திதாங்க.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தால் அல்ல, நான் சொல்லவேண்டியதை அம்மா சொல்லும்படி விட்டுவிட்டேனே என்றுதான். மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு, “சரிங்க அம்மா” என்று மட்டும் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து, முழுக் கட்டணத்துக்கும் உதவி கிடைத்திருப்பதாக மின்னஞ்சல் வந்தது. லயம் முழுக்கக் கேட்கும்படி சத்தமாக வாசித்தேன். கடைசி வீட்டு அக்காவும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா மட்டும் அடுப்படியை விட்டு வரவில்லை. நானே பக்கத்தில் போய் நின்றேன்.

“இல்லன்னு என் வாயால சொல்ல வச்சுட்டல்ல,” என்றார், ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி. “பாஸாகாம மட்டும் வந்து நில்லு. அப்புறம் இருக்கு ஒனக்கு.”