மல்லிகா நர்சம்மா சுமந்த பழி

நர்சம்மாவை அறிந்தவர்களே, என் எழுத்து கோணலாக இருக்கும். இரண்டு வரிக்கு நடுவே ஓர் ஆட்டு மந்தையே புகுந்து போகலாம். பொறுத்துப் படியுங்கள். எழுபதுக்கு மேல் முதியோர் வகுப்பில் கற்ற எழுத்து இது. முழுத்தாள் எழுத வருகிறதே என்று கைக்குச் சந்தோஷம். எழுத வேண்டிய சேதிதான் நெஞ்சை அறுக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுச் செல்வி வந்தாள். "அப்பாரு, நம்ம மல்லிகா நர்சம்மா போயிட்டாங்களாமுங்க. நெஞ்சு வலின்னு ராசிபுரம் கொண்டுபோற வழியிலயேங்க" என்றாள். அவள் கையைப் பிடித்தபடி நாலு வயது யாழினி நின்றாள். அந்தக் குழந்தையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. காரணம் செல்விக்குத் தெரியாது.

எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பார்கள். பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் வைத்தேன். நர்சம்மா வந்ததும் அதை நிறுத்தினார். "ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டுந்தானுங்க, தண்ணிகூட வேண்டாம். உங்க கொணத்தை வாயால சொல்லிக் குடுங்க அப்பாரு, வெரலால வேண்டாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுட்டது.

யாழினி பிறந்த ஐந்தாம் நாள், செல்வி குளிக்கப் போயிருந்தபோது உள்ளே போனேன். மரவள்ளிக் கிழங்கை லாரியில் ஏற்றிவிட்டு வந்த கை. துண்டில் துடைத்தேன், கழுவவில்லை. மூன்று முறை தொட்டு வைத்தேன்.

மறுநாள் வயிற்றுப்போக்கு. குழந்தைக்குக் கண் குழிந்துவிட்டது. நர்சம்மா ஆம்புலன்ஸில் ஏற்றும்போது செல்வியின் மாமனார் கத்தினார்: "தண்ணி குடுக்காதேன்னு சொல்லியே எங்கூட்டுப் புள்ளையைக் காய வெச்சுப்போட்டியே! இனி எங்கூட்டுப் படி மிதிக்காதே!"

வேலியோரம் நின்ற நான் வாய் திறக்கவில்லை. "வெளியில என்ன குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டதற்கு, ஒன்றுமே இல்லை என்று செல்வி அழுதாளாம்.

குழந்தை பிழைத்து வீடு வந்த பிறகு, நர்சம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். "ஊருக்குச் சொல்லீராதே சாமி" என்று கெஞ்சினேன்.

என்னை உட்காரச் சொன்னார். பிறகு, "நான் சொல்லலீங்க. ஆனா இனிமே புள்ளை பொறந்த ஊட்டுக்கெல்லாம் எங்கூட வாரீங்க. சேனை வேண்டாமுன்னு நீங்களே சொல்லோணும். நான் சொன்னா கேக்காத ஊரு, நீங்க சொன்னாக் கேக்கும்" என்றார்.

போனேன். ஊரும் கேட்டது. செல்வியின் மாமனார் மட்டும் கடைசிவரை அவரைப் படியேற விடவில்லை. நர்சம்மா அந்த வீட்டைத் தாண்டும்போது ஸ்கூட்டரை மெதுவாக்கி, வாசலில் விளையாடும் யாழினியைப் பார்த்துவிட்டுப் போவார். ஒருமுறை, "சொல்லிப்போடட்டுமா சாமி?" என்றேன்.

"உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லுங்க அப்பாரு. எனக்கு அவசரமில்லீங்க."

அவருக்கு இல்லாத அவசரம் எனக்கு இருந்திருக்க வேண்டும்.

குழந்தை இருக்கும் வீட்டு வாசலில் நின்று கை கழுவும் பழக்கம் அவர் தந்தது. அது என்னிடம் இருக்கும். அவர் சுமந்த பழியும் இனி என்னுடையதுதான். நீங்கள் இதைப் படிக்கும் முன்பே, செல்வியையும் அவள் மாமனாரையும் உட்காரவைத்து இந்தத் தாளைப் படித்துக் காட்டியிருப்பேன். அவர்கள் என்னை என்ன சொன்னார்கள் என்பதை, ஒரு சொல் விடாமல், அடுத்த வாரம் எழுதுகிறேன்.