‘வர்றேன்’ சொல்லாமல் கிளம்பிய நாள்

எழுபதுகளில் தேனியில் ஒரு சின்ன பம்ப்செட் கடைக்கு நான் சேல்ஸ்மேன். முதலாளி, நான், ஒரு சைக்கிள், அவ்வளவுதான் கடை. பெரிய கடைகளைத் தேடிப் பார்ட்டி, அதாவது வாங்க வருகிறவர், தானாக வரும். நாங்கள் எந்த ஊரில் கிணறு வெட்டுகிறார்கள் என்று விசாரித்து, கொட்டேஷன் கொடுத்து, ஆர்டர் ஆகும்வரை விடாமல் போய்ப் பார்க்க வேண்டும். இதற்கு ‘பாலோ-அப்’ என்று பெயர். வெயிலில் சைக்கிள் மிதிக்காத எவனோ வைத்த பெயர்.

பொட்டிப்புரம் வீரணன் அப்படிக் கிடைத்த பார்ட்டி. மானாவாரிக் காட்டில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் வந்தால் அந்த மண்ணிலேயே பிழைக்கலாம். வராவிட்டால் நிலத்தை விற்றுவிட்டு, குடும்பத்தோடு ஏலக்காய்த் தோட்டத்துக் கூலிக்கு மலையேற வேண்டியதுதான். நான் போகும்போதெல்லாம் அவர் மனைவி ஒச்சம்மா மோர் கொடுப்பார்.

“இஞ்சினு ஓடட்டும் தம்பி, மொத வெள்ளாமைக் கத்தரிக்கா ஒங்க வீட்டுக்குத்தேன்” என்பார்.

ஒருநாள் கடைக்குச் செய்தி வந்தது. வீரணன் கிணற்றில் கீழே முழுக்கப் பாறை. வெடி வைத்தும் சொட்டுத் தண்ணீர் இல்லை. மற்றக் கடைக்காரர்கள் அன்றோடு அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் முதலாளியும், “அந்தப் பார்ட்டிய விட்டுருப்பா. இஞ்சின வச்சுக் காத்தையா எறைக்கப் போறாக?” என்றார்.

நியாயம்தான். ஆனால் அத்தனை நாள் மோரைக் குடித்துவிட்டு எப்படிப் போகாமல் இருப்பது? போனேன்.

வெட்டிப்போட்ட கல்மேட்டில் வீரணன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஒச்சம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கூடவே உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து, ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்தேன். சாவு வீட்டில் ‘போயிட்டு வர்றேன்’ என்று யாராவது சொல்வார்களா? அந்தப் பழக்கத்தில், மரியாதை என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தேன்.

“ஏ தம்பி, நில்லு!” வீரணன் துள்ளி எழுந்தார். “எழவு வீட்டுலருந்து போற மாதிரிப் போற? யாரு செத்துட்டாக இங்கன?”

“இல்லண்ணே, அது வந்து...”

“எங் கெணறு இன்னும் சாகலப்பா! சைடுல தொளை போட்டுப் பாப்பேன். ஒழுங்காச் சொல்லிட்டுப் போ!”

சைடு போர் என்ற பேச்சை அவர் எடுத்ததே அப்போதுதான். ஒச்சம்மா முந்தானையை விட்டுவிட்டுப் புருஷனையே பார்த்தார். நான் சைக்கிளைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து, இருவர் முன்னாலும் நின்று சொன்னேன்.

“போயிட்டு வர்றேண்ணே. வர்றேன்க்கா.”

“வா” என்றார் வீரணன்.

சொன்னபடி போனேன். போர் போட்ட நாட்களிலும் போனேன், ஆனால் இன்ஜின் பேச்சை எடுக்கவில்லை. கடைசியில் கிழக்குப் பக்கத் துளையில் ஊற்றுப் பிடித்தது. எங்கள் இன்ஜின் முதன்முதலாகச் சேற்றுத் தண்ணீரைக் கக்கியபோது ஒச்சம்மா அழுதார். நானும் அழுதேன். முதலாளி மட்டும் இன்ஜின் சத்தம் சரியாக இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கத்தரிக்காயும் பின்னால் வீடு வந்து சேர்ந்தது.

இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, பார்ட்டி கையை விரித்த பிறகும் ஒருதரம் போய்ப் பாருங்கள். கிளம்பும்போது ‘வர்றேன்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகுதான் சிலர் மறுபடி கடப்பாரையைத் தொடுகிறார்கள்.