கூப்பிட்ட பேர்

“பெரட்டுல நிக்குது தங்கச்சி. பேர் கூப்பிட்டா மட்டும் வரமாட்டேங்குது,” என்றார் யோகேஸ்வரன்.

ஹட்டனில் அன்ஸார் நானாவின் கொமினிகேஷன் கடை. போட்டோகொப்பி மெஷினுக்குப் பின்னால் யோகேஸ்வரனின் மேசை. மூன்று நாளாக ஒரு சின்னக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பெட்டி அளவுதான் இருக்கும். கொழும்பில் ஏதோ கந்தோரில் பழைய ஆபீஸ் சாமான்களோடு கழித்துப் போட்டது. அதில் லினக்ஸ் ஏற்றியாகிவிட்டது. இன்டர்நெட் மட்டும் வரவில்லை.

நெட்வேர்க் கார்ட் உள்ளே இருப்பதே அதற்குத் தெரியவில்லையா என்று கேட்டேன். தெரிகிறது என்றார். உள்ளேயிருக்கும் பாகங்களை வரிசையாகக் காட்டும் கட்டளை ஒன்றைத் தட்டினார். பட்டியலில் கார்ட் இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதைத்தான் பெரட்டு என்பார்கள். அதை வைத்துத்தான் அவர் எதையும் விளக்குவார்.

“லைட்டும் எரியுதே அண்ணே?”

“எரியுது. வேலை ஒண்ணும் நடக்கல. இன்னைக்கு இதுக்கு அரைப்பேருதான்.”

கொழுந்து நிறை குறைந்தால் அரைநாள் சம்பளம் எழுதுவதற்கு அரைப்பேர் என்று பெயர். அவருடைய அம்மா ராக்காயிக்கு அது பல நாள் விழுந்திருக்கிறது.

முன்னாலிருந்து நானா குரல் கொடுத்தார். “என்ன யோகேஸ், நோயாளிக்கு மூச்சு வந்துச்சா, இல்லாட்டி கபன் துணி எடுக்கட்டா?”

யோகேஸ்வரன் வயரை மாற்றிப் பார்த்திருந்தார். கார்டுக்கான டிரைவர் புரோகிராமைப் போனில் இறக்கி, பென்ட்ரைவில் கொண்டுவந்து இரண்டு தடவை போட்டிருந்தார். எனக்குக் கம்ப்யூட்டர் பழுது பற்றி ஒன்றும் தெரியாது. தமிழிலும் சிங்களத்திலும் படித்தவள் என்பதால் இரண்டிலும் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது அந்தக் கடையில் என் வேலை. ஓர் எழுத்துப் பிசகினாலும் விண்ணப்பம் திரும்பி வரும். அந்தப் பழக்கத்தில்தான் கேட்டேன், சரியான பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாரா என்று.

அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். வேறொரு கட்டளையைத் தட்டினார். கார்டுக்கு இந்த லினக்ஸ் ‘ஈ என் பி டூ எஸ் சீரோ’ என்று பேர் வைத்திருந்தது. பழைய மெஷினிலிருந்து அவர் கொப்பி பண்ணிப் போட்ட செட்டிங் ஃபைலில் ‘ஈத் சீரோ’ என்று இருந்தது. பழைய லினக்ஸில் கார்டுக்கு அந்தப் பேர். ஃபைலில் ஒரு வரியைத் திருத்தினார். இன்டர்நெட் வந்தது.

“மூணு நாளா இல்லாத ஆளையில்ல கூப்பிட்டிருக்கேன்,” என்று சிரித்தார். திருத்திய வரியைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். “இதுக்குப் பேரை மாத்த ஒரு வரி போதும், பாத்தீங்களா.”

அன்றுதான் தன் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எனக்குக் காட்டினார்.

வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவர். அப்பா ஆண்டியப்பன் பிறப்பைப் பதியப் போனபோது எழுதியவர் சிங்களத்தில் கேட்டிருக்கிறார், இவர் தமிழில் சொல்லியிருக்கிறார். யோகேஸ்வரி என்றும், பெண் என்றும் எழுதப்பட்டுவிட்டது. வாசிக்கத் தெரியாத அப்பா பெருவிரல் ரேகை வைத்துவிட்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் யோகேஸ்வரன் என்றே நடந்தது. பள்ளி அதிபரின் கடிதத்தைக் கொண்டு அடையாள அட்டையும் அந்தப் பேரிலேயே எடுத்தார். பத்திரம் மட்டும் மாறவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எந்த இடத்திலும் அவருக்கு வழி கிடைக்கவில்லை. கட்டாருக்கு வேலைக்குப் போகப் பாஸ்போர்ட் எடுக்க முடியவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்தும் சேர முடியவில்லை.

அந்தக் கல்லூரியில் பத்திரத்தை நீட்டியபோது அறையே சிரித்ததாம். அன்று கூட வந்திருந்தவர்களில் ஒருவன் கதையைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனான். பஸ்ஸில் பின் சீட்டிலிருந்து, “யோகேஸ்வரி அக்கா, சீலை எங்க?” என்று கேட்பார்கள். பத்தொன்பது வயதில் தொடங்கியது, முப்பத்தொன்பது வரை போனது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் ஆறில் ஒன்று. தோட்டப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் அறை ஒன்று திறக்க ஒரு சங்கம் ஏற்பாடு செய்தது. ஆறையும் தயார் செய்துகொடுத்தவர் இவர். அங்கே படிப்பிக்கும் வேலையையும் இவருக்கே தருவதாகச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை, பத்திரத்தில் பேர் திருந்தியிருக்க வேண்டும். திருத்தத்துக்குக் கொடுத்த மனுவை ஏற்றுக்கொண்டதற்கான துண்டுச் சீட்டாவது அந்த மாதம் முடிவதற்குள் வேண்டும்.

மனுவைச் சிங்களத்தில் நான் எழுதினேன். முதல் தடவை பதிவாளர் கந்தோருக்குப் போனபோது, பிறந்தது ஆண் பிள்ளைதான் என்று அம்மாவின் சத்தியக் கடதாசி கேட்டார்கள். அம்மா இறந்துவிட்டதால் சின்னம்மா அழகம்மா வந்து கையெழுத்து வைத்தார். இரண்டாம் தடவை தோட்ட ஆஸ்பத்திரிப் பதிவைக் கேட்டார்கள். ஈரத்தில் ஒட்டிப்போன புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுக்கவே எட்டு நாள் ஆனது. இதற்கிடையில் மற்ற ஐந்து கம்ப்யூட்டர்களையும் முடித்துவிட்டார். எல்லாக் கார்டுகளும் முதல் தடவையிலேயே வேலை செய்தன.

மூன்றாவதாகப் போனது மாதத்தின் கடைசி வேலைநாள். மண்டபத்தில் அறுபது பேர் இருந்திருப்பார்கள். உட்காரப் போட்டிருந்த வாங்குகளில் இரண்டு தள்ளி அவருடைய தோட்டத்து ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள். பைலை மேசையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். பதினொரு மணிக்கு மேல் அதிகாரி பத்திரத்தில் உள்ளபடியே உரக்க வாசித்தார். யோகேஸ்வரி. தோட்டத்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி மீண்டும் கூப்பிட்டார். மூன்றாவது தடவையும் கூப்பிட்டுவிட்டு, பைலை ஓரமாக வைத்து அடுத்ததை எடுத்தார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மேசை காலியாக இருந்தது. அதிகாரி வெளி வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள்.

சங்கம் சுமன் என்ற ஒரு பட்டதாரியை நியமித்தது. யோகேஸ்வரன் அவரைக் கடைக்கு வரச்சொல்லி, எந்தக் கார்டுக்கு என்ன பேர், எந்த ஃபைலில் திருத்த வேண்டும் என்றெல்லாம் பொறுமையாகக் காட்டினார். பென்ட்ரைவையும் கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் கொழும்பில் ஒரு சாமான் கிடங்கில் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போனார். எப்போதாவது நானாவுக்குப் போன் எடுப்பார். என்னைக் கேட்டதில்லை.

அவர் ஏன் எழுந்திருக்கவில்லை என்று நானா பலமுறை திட்டித் தீர்த்திருக்கிறார். பயந்தவன் என்பார். அப்போதெல்லாம் நான் கையிலிருக்கும் விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருப்பேன். பைல் முழுக்க என் எழுத்துதான். மேசைக்குப் போய் விஷயத்தைச் சிங்களத்தில் சொல்லித் துண்டை வாங்க என்னால் முடிந்திருக்கும். அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் வாங்கிலேயே இருந்துவிட்டேன். இரண்டாம் தடவை கூப்பிட்டதும் அவர் என் பக்கம் குனிந்து, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

“தங்கச்சி, நீங்க எந்திரிச்சுப் போறீங்களா? அந்தப் பேருக்கு நீங்க போனா யாரும் சிரிக்க மாட்டாங்க.”