மரத்தடி ரொட்டி

மூஸ் ஆற்றங்கரையில் ஒதினெத்தைப் போல ரொட்டி சுட ஆள் கிடையாது. அவள் அடுப்பு வாசனை பிடித்து, ஊரைக் கொளுத்த வந்த பர்கண்டிப் படை தீவட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கை நீட்டி வரிசையில் நின்றதாம். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். படை இல்லை, வழி தவறிய மூன்று பேர். அவர்களும் ரொட்டியோடு ஒரு கோழியையும் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். ஆனால் அவள் ரொட்டி ஒரு விசாரணையின் வாயை அடைத்தது நிஜம்.

தோம்ரெமியில் பிறந்து, அங்கேயே உழவன் கொலாருக்கு வாழ்க்கைப்பட்டு, ஊர்ப் பொது அடுப்படியில் எல்லோரோடும் சண்டை போட்டுக் காலம் தள்ளியவள் அவள். அவளுக்கென்று இருந்த பெருமை ஒன்றுதான்: சின்ன வயதில் ழானெத்தோடு ஆடு மேய்த்தது. படை நடத்தி, ராஜாவுக்கு முடிசூட வழிசெய்து, கடைசியில் ரூவான் சந்தையில் உயிரோடு எரிக்கப்பட்ட ஜோனை, பிறந்த ஊர் ழானெத் என்றுதான் கூப்பிடும்.

அவளைச் சூனியக்காரி என்று சொல்ல எரித்தவர்கள் பிடித்துக்கொண்டவற்றில் ஒன்று, ஊர் எல்லையில் நின்ற பெரிய மரம். அதில் வனதேவதைகள் இறங்குவதாகப் பேச்சு. தவக்காலத்தின் நடு ஞாயிறன்று பிள்ளைகளெல்லாம் குட்டி ரொட்டிகளோடு அங்கே போய்த் தின்று, ஆடி, கிளையில் பூமாலை கட்டி, பக்கத்து ஊற்றில் தண்ணீர் குடித்துத் திரும்புவார்கள். அவ்வளவுதான். அவள் எரிந்த பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் தலை வைப்பதில்லை.

இருபத்தைந்து வருஷம் கழித்து, அந்தத் தீர்ப்பு சரிதானா என்று மறுபடி விசாரிக்கக் குருமார்கள் வந்தார்கள். பனி கொட்டும் மாதம். அடுப்படியில் பெண்கள் கூடினார்கள்.

“எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிருவோம். ழானெத் மரத்துப் பக்கமே போனதில்ல. நாமளும் போனதில்ல,” என்றாள் கொல்லன் பெண்டாட்டி பெரெத்.

“நீ போனதில்லையா? பாவாட கிளையில மாட்டித் தொங்குனது யாருடி, உங்க ஆத்தாளா?” என்றாள் ஒதினெத்.

“வாய மூடு. போனேன்னு சொன்னா நாளைக்கு நம்மளையும் கட்டி வச்சுக் கொளுத்துவானுங்க.”

“அவளே ஒத்துக்கிட்டாளாம்டி! வெலங்கு மாட்டிக் கேட்டப்பவும், ஆமா, போனேன், மாலை கட்டினேன்னுதான் சொன்னாளாம். இப்ப நாம இல்லன்னா அவ பொய்க்காரி ஆயிருவா. அவனுங்க சூனியக்காரின்னானுங்க. நாம பொய்க்காரின்னு முடிச்சு வைக்கணுமா?”

பெரெத் மாவை ஓங்கிக் குத்தினாள். “அவ செத்துட்டா. நாம இருக்கோம்.”

ஒதினெத் பக்கம் ஒருத்தியும் பேசவில்லை. அவர்கள் பார்த்திருக்க, அவள் நடு ஞாயிற்று ரொட்டியை, தவக்காலம் பிறக்கும் முன்பே பிசைய ஆரம்பித்தாள்.

“ஏ புள்ள, காலந்தப்பிச் சுட்டா வீட்டுக்கு ஆகாது,” என்று கொலார் பதறினான்.

“வீட்டுக்கு ஆகாதது வெளியிலதான போகுது? கூடைய எடுய்யா.”

விசாரணை நடந்த கோவிலுக்குள் குளிர் எலும்பைத் துளைத்தது. பெரெத் முதலில் போய், யாரும் எங்கும் போகவில்லை என்று ஒப்பித்துவிட்டு வாசலில் நின்றுகொண்டாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாத வாயோடு பெரிய குருவானவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“அந்த மரத்தத் தெரியுமாம்மா?”

“அதுல ஏறி எறங்காத கால் இந்த ஊர்ல இல்ல சாமி.”

வாசலில் பெரெத் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“ஜோன் வந்ததுண்டா?”

“எங்கூடதான் வந்தா. ஆட்டம் கம்மி, பாட்டுதான் ஜாஸ்தி.”

“தேவதைங்களப் பாத்தியா?”

“எறும்பத்தான் பாத்தேன். ரொட்டிக்கு வந்துச்சு.”

குருவானவர் நிமிர்ந்தார். “ரொட்டியா? யாருக்குப் படைச்சீங்க?”

ஒதினெத் கூடையை மேஜைமேல் வைத்துத் துணியை விலக்கினாள். இன்னும் சூடு ஆறவில்லை. “இதுதான் சாமி. நாங்க படைக்கல, நாங்களே தின்னோம். நீங்களும் தின்னு பாருங்க.”

பசி யாரை விட்டது? பிட்டு வாயில் போட்டார். விக்கியது. அவள் குவளையை நீட்டினாள், குடித்தார். அது தொண்டையில் இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

“மரத்து ரொட்டி, ஊத்துத் தண்ணி. ரெண்டும் உள்ள போயிருச்சு. இனி என்னக் கட்டி வச்சுக் கொளுத்தணும்னா, பக்கத்துல உங்களுக்கும் ஒரு கம்பம் நடச் சொல்லுங்க சாமி.”

எழுத்தர் பேனா அப்படியே நின்றது. ஒதினெத் கூடையின் பிடியை விடவில்லை. குருவானவர் ரொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மிச்சத்தையும் வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

“எழுதுய்யா. போனாங்க, தின்னாங்க, ஆடினாங்க, வீட்டுக்கு வந்தாங்க.”

“ரொட்டியப் பத்தி, சாமி?”

“உப்பு கம்மி. அத எழுத வேண்டாம்.”

வாசலிலிருந்து பெரெத் விறுவிறுவென்று உள்ளே வந்தாள். “சாமி, நான் மாத்திச் சொல்லிட்டேன். நானும் போயிருக்கேன். ஆனா பாவாட மாட்டித் தொங்குனது இவதான்!”

அதன்பிறகு வந்தவர்கள் எல்லோரும் மரத்தடிக்குப் போனவர்களாகிவிட்டார்கள்.

புதுத் தீர்ப்பு வரட்டும் என்று ஊர் காத்திருக்கவில்லை. அந்த நடு ஞாயிறன்றே கிழவர் முதல் கைக்குழந்தை வரை மரத்தடியில் கூடிவிட்டார்கள். ழானெத்துக்கென்று ஒரு மாலையைக் கிளையில் கட்டிவிட்டு இறங்கிய ஒதினெத், சுற்றி நின்றவர்களிடம் கையை வீசி வீசிக் கதை சொன்னாள்.

“கூடை மொத்தத்தையும் அந்தச் சாமியே காலி பண்ணிட்டாரு. நான் மலை மாதிரி நின்னேன். ஒரு மயிரு நடுங்கணுமே!”

ஊற்றிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டே கொலார் வந்தான்.

“அவர் தின்னது ஒண்ணே ஒண்ணு. மிச்சத்தையெல்லாம் வீட்டுக்கு வர்ற வழியில நீதான் தின்ன புள்ள, அழுதுகிட்டே.”