நான்கு இடைவெளியும் குணாவும்

குழு நண்பர்களே, சொல்ல வந்தவை மூன்று:

1. நம் இலவச மென்பொருளின் நிரல் வரிகளை இனி டேப் விசைக்குப் பதில் நான்கு இடைவெளிகள் விட்டு உள்ளே தள்ளித் தொடங்கலாம் என்ற என் யோசனை வாக்கெடுப்பில் வென்றது.
2. இதனால் யாருக்கும் சிரமமில்லை.
3. நம்மோடு நிரல் எழுதிவந்த குணா குழுவிலிருந்து விலகுகிறார்.

இன்று சூலியா தெருச் சாப்பாட்டுக் கடையில் அவரைப் பார்த்தேன். காரணத்தைத் தயங்கித்தான் கேட்டேன்.

"கண்ணு மங்கிப்போச்சுண்ணே. எழுத்தப் பெருசாக்கித்தான் படிக்கிறேன். டேப்புன்னா அதோட அகலத்த என் ஸ்கிரீன்ல மட்டும் சுருக்கிக்குவேன். உங்க நாலு இடைவெளியச் சுருக்க முடியாது, பாதி வரி ஸ்கிரீனுக்கு வெளிய போயிருது லா."

"முன்னமே சொல்லியிருக்கலாமே தம்பி?"

"பாவம்னு ஓட்டுப் போடுவீங்க. வேணாம்ண்ணே."

சிரித்தபடி எழுந்து போனார். வாசற்படியைக் காலால் தடவித்தான் இறங்கினார்.

மறுவாக்கெடுப்புக்கு யார் சம்மதம்? எழுதுங்கள்.

இரண்டாவது குறிப்பு தவறு. என் யோசனையிலும் அதே வரிதான் இருந்தது. யாரையும் கேட்காமலே எழுதியிருக்கிறேன்.