விரால் என்று பிடித்த மீன்

ரப்பர் விலை விழுந்த பிறகுதான் எங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு கிடைத்தது. அதை ஓய்வு என்று சொல்ல எனக்கு இன்னும் நாக்கு கூசுகிறது. காலையில் ஆள் எண்ணும் பெரட்டில், இனிமேல் சனி, ஞாயிறு பால்வெட்டு கிடையாது என்று கங்காணி சொன்னபோது ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. மரத்துக்கு ஓய்வு கொடுத்தவர்கள் எங்கள் அடுப்புக்கும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள்.

ஸ்கூடாய் ஆறு கடலோடு கலக்கும் இடத்திலிருந்து இரண்டு மணி நேர நடையில் எங்கள் தோட்டம். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் நான் ஓர் அறையில் தனியாக இருந்தேன். அடுத்த அறையில் என் தங்கையும் அவள் புருஷனும். ஊரில் அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் பேதியில் போனபின், இருக்கிற ஒரே உறவையாவது கண்ணெதிரே வைத்துக்கொள்வோம் என்று நான்தான் அவர்கள் இருவரையும் கப்பலேற்றி இங்கே கூட்டி வந்தேன். மூன்று வேளையும் எனக்குத் தங்கை கைச்சோறுதான். அவளுக்கும் என்னை விட்டால் பிறந்த வீடு என்று சொல்ல எதுவும் இல்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஆள் குறைப்பு வந்தது. திங்கட்கிழமை துரையே மர நிரை ஒவ்வொன்றாக வந்து வெட்டைப் பார்ப்பார்; மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்டுகிறவன் இருக்கலாம், மற்றவன் ஊருக்குக் கப்பலேற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளையைப் பற்றி எங்களுக்குக் கவலையே இல்லை. அவர் உளி பட்ட பட்டை சீவிய பனங்கிழங்கு மாதிரி வழவழவென்று இருக்கும். கவலையெல்லாம் என்னைப் பற்றித்தான். என் வெட்டைப் பார்த்து, வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர், "மரத்த வெட்டுறியா, கொத்துறியா?" என்று கேட்காத வாரம் கிடையாது. தங்கை எனக்காக மாரியம்மன் கோயிலில் காசு முடிந்து வைத்திருந்தாள்.

அப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போகலாம் என்று சொன்னவன் நான்.

"வேணாம் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "நாளைக்குத் தொர வர்றாரு. கையி காலு சும்மா கெடக்கட்டும்."

"சும்மா கெடந்தா தொர மனசு மாறிடுமா? ஒரு வாரமா கருவாடு. தங்கச்சிக்கு நாலு நல்ல மீனு கொண்டாந்து குடுப்போம், வாங்க மாப்ள."

உண்மையில் எனக்கு லயத்தில் உட்கார முடியவில்லை. எந்த வாசலில் பார்த்தாலும் கப்பல் பேச்சு. யார் பெயர் வரும், யார் பெயர் வராது என்று ஆளுக்கு ஆள் சோசியம். பயந்தவனுக்குத் துணை வேண்டியிருந்தது. அதற்காக அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

ஆற்றோரக் கம்பம் ஒன்றில், மலாய்க்காரர்களின் கிராமத்தில், இருந்த ஒருவர் எங்களுக்குச் சம்பான் என்கிற சின்னப் படகைக் கொடுத்தார். முன்பெல்லாம் லயத்துக்கு மீன் கொண்டுவருகிறவர். வாங்க ஆளில்லாமல் வருவதை நிறுத்தியிருந்தார். தூண்டில் கயிறும் ஒரு சிரட்டை நிறைய இறாலும் தந்து, மணல் திட்டின் ஓரமாகக் கயிற்றைத் தரையோடு தரையாக இழுக்கச் சொன்னார். கடல்நீர் வற்றும் நேரத்தில் பாஜி-பாஜி என்கிற மீன் மணலுக்குள் புதைந்து, கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு படுத்திருக்குமாம். ஒரு தடியைச் சம்பானில் போட்டார். மீன் வந்ததும் கையால் தொடாமல் தலையில் அடிக்க வேண்டும் என்று அடித்துக் காட்டினார். "ஹாத்தி-ஹாத்தி" என்று இரண்டு தரம் சொன்னார். ஜாக்கிரதை என்று அர்த்தம். அது எங்கள் இருவருக்கும் நன்றாகவே தெரியும்.

சம்பான் கொஞ்ச தூரம் போனதும் நான் சிரித்தேன். "கம்மாயில வெறுங்கையால வெரால் புடிச்ச ஆளுங்க நாம. நமக்குத் தடி குடுக்கிறாரு பாருங்க" என்றேன். மாப்பிள்ளையும் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வானம் மூடிக் கிடந்தது. தூறல் விட்டுவிட்டு விழுந்தது. நீர் வற்ற வற்ற, கரையோரக் கண்டல் மரங்களின் வேர்கள் மெல்ல மெல்ல வெளியே வந்தன. நாங்கள் கயிற்றை எறிவதும் இழுப்பதுமாக இருந்தோம். இறாலை நண்டு தின்றுவிட்டுப் போனது. மாப்பிள்ளை புது இறாலைக் கோத்து எறிந்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தபடியே, "ஒங்க பேரு வந்தாலும் கவலப்படாதீங்க மச்சான். நாங்களும் கெளம்பிடுவோம். ஒங்கள தனியா உடுறதா இல்லன்னு அவ சொல்லிட்டா" என்றார். நான் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவர் கயிறு விறைத்தது. பாரமான மீன், ஆனால் அதிகம் சண்டை போடவில்லை. மேலே வந்ததைப் பார்த்தேன். தட்டையான தலை, அகன்ற வாய், மண் நிறம், வால் பக்கம் ஒடுங்கிய நீள உடம்பு. சத்தியமாக எனக்கு அது எங்கள் கண்மாய் விராலாகத்தான் தெரிந்தது. சம்பானுக்குள் விழுந்ததும் அது துள்ளித் துள்ளி விளிம்புக்குப் போனது. தடி என் காலடியில் கிடந்தது. நான் குனிந்து எடுத்திருக்கலாம்.

"புடிங்க மாப்ள! வெரால் மாதிரி தலையோட சேத்து அமுக்குங்க!" என்று கத்தினேன்.

அவர் அமுக்கினார். விராலைப் பிடிக்கிற முறை அதுதான். செவுளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இறுக்கினால் அசையாது. இந்த மீனுக்கோ செவுள் மூடியில்தான் முள். மீன் தலையை ஒரு தரம் உதறியது. அவர் "அம்மா" என்றார், அவ்வளவுதான். வலது கையில் பெருவிரலுக்குக் கீழே இருந்த சதையில் முள் முழுவதும் இறங்கியிருந்தது. அது உளி பிடிக்கிற கை. அதற்குப் பிறகுதான் நான் தடியை எடுத்து மீனை அடித்தேன். செத்த பிறகும் அடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தங்கை கையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை, "அவசரப்பட்டு நானே புடிச்சிட்டேன். மச்சான் அடிக்கத்தான் சொன்னாரு" என்றார். நான் மறுக்கவில்லை. அவள் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துக் கட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. அங்கே மருந்து கொடுக்கும் டிரசர் சீக்காளி என்று எழுதினால் அதுவே கப்பல் சீட்டு. தங்கை அந்த மீனைப் புளி கரைத்துக் குழம்பு வைத்தாள். குழம்பு நன்றாக இருந்தது. நான் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். இதையும் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதில் அர்த்தம் இல்லை.

விடியும்போது அவர் கை மணிக்கட்டு வரை வீங்கி, விரல் மடங்காமல் இருந்தது. பெரட்டில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பெயர் கொடுத்தார். நிரைக்குள் போனதும் உளியைக் கையோடு வைத்துத் துணியால் சுற்றிக் கட்டச் சொன்னார். நான் கட்டிவிட்டேன். இறுக்கக் கட்டும்போது அவர் கண்ணில் நீர் வந்தது. இடது கையால் உந்தி உந்தி வெட்டினார். ரப்பர் மரத்தில் உள்தோலை மெல்லிசாக விட்டு வெட்ட வேண்டும். ஒரு மயிரிழை தப்பினால் உளி உள்ளே மரக்கட்டையில் போய் நிற்கும். அவர் உளி மரத்துக்கு மரம் போய் நின்றது.

துரை எங்கள் நிரைக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. மாப்பிள்ளை வெட்டிய மரங்களில் ஐந்தாறைப் பார்த்தார். காயத்துக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தார். கூட வந்த கண்டக்டருக்கு மாப்பிள்ளையின் வெட்டு தெரியும். கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். என் மரங்களுக்கும் வந்தார்கள். பயத்தில் அன்று நான் பட்டையை வருடத்தான் செய்திருந்தேன். கோப்பையில் பால் அடி நனைகிற அளவுகூட இல்லை. ஆனால் ஒரு மரத்திலும் காயம் இல்லை. துரை தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலமே பட்டியல் வந்துவிட்டது. ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி என்னைக் கூப்பிட்டு, "ஒன் தங்கச்சி குடும்பம் போவுது. நீயும் போறதுன்னா சொல்லு, பேர் எழுதிக்கிறேன்" என்றார். நல்ல மனுஷர், கேட்காமலே இருந்திருக்கலாம். "யோசிச்சிச் சொல்றேன்யா" என்றேன். அந்த ஊர், அந்த வறண்ட கண்மாய், வேலையில்லாமல் கோயில் மரத்தடியில் உட்காரும் நாட்கள், எல்லாம் கண்முன்னே வந்தன. இங்கே எனக்கு இன்னும் வேலை இருந்தது. நான் திரும்பக் கிராணியிடம் போகவே இல்லை. இதைத் தங்கையிடமும் சொல்லவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை. நான் வரமாட்டேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. ஆபீஸ் முன்னால் ஒவ்வொரு குடும்பமாகப் பெயர் கூப்பிட்டு ஏற்றினார்கள். மாப்பிள்ளை பெயரையும் தங்கை பெயரையும் கூப்பிட்ட பிறகு கிராணி அடுத்த குடும்பத்துக்குப் போய்விட்டார். தங்கை அங்கேயே நின்றாள்.

"அண்ணே, ஒம் பேரக் கூப்புடலயே?"

"நா எழுதிக் குடுக்கல" என்றேன்.

அவள் தலையிலிருந்த மூட்டையை இறக்கி அவிழ்த்தாள். உள்ளே அவர்கள் துணிகளோடு என் வேட்டி, என் சட்டை, நான் சாப்பிடும் தட்டு எல்லாம் துவைத்துக் கழுவி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தாள். மீதியைச் சேர்த்துக் கட்டப் பார்த்தபோது முடிச்சு நழுவியது; மாப்பிள்ளையின் வலது கையோ இன்னும் கட்டுக்குள் இருந்தது. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். நான் என் சாமான்களைக் கீழே வைத்துவிட்டு, அந்த மூட்டைக்கு முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன்.