சவரிமுத்து அண்ணனின் கிரியேட்டினின்

போன மாதம் ஒரு கல்யாணம். திருநெல்வேலி ரோட்டில் இருக்கிற நம்ம புதுக்கோட்டையில்தான். பந்தியில் உட்கார்ந்து பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருக்கிறேன்... பக்கத்து இலைக்காரர், என் கணவர் வழியில் தூரத்துச் சொந்தம், செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மதினி, கொழுப்பு டெஸ்ட் எடுத்தேன். எல்டிஎல்னு ஒண்ண சிவப்புல போட்டிருக்கான். என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

"கண்ணாடி கொண்டு வரலையே தம்பி" என்றேன். கண்ணாடி என் தலைமேல் இருந்தது. அவரும் அதைப் பார்த்துவிட்டார்.

"டாக்டர்கிட்டயே காட்டிருங்க" என்று முணுமுணுத்துவிட்டுப் பாயசத்தில் குனிந்துகொண்டேன். கை கழுவுகிற இடத்தில் அவர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. "பேப்பர்ல எழுத ஆரம்பிச்சதுல இருந்து மதினிக்கு ரொம்பத்தான் தலைக்கனம்."

தலைக்கனமா? பயம் ஐயா, பயம்! அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று இதுவரை இந்தப் பத்தியில் எழுதத் தைரியம் வரவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

நான் எம்.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரி. நம்புவதற்குக் கஷ்டம்தான். படித்து முடித்த கையோடு கல்யாணம். அப்புறம் ஹார்பர் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் சரக்குப் பேப்பர் டைப் அடித்தேன். மாலத்தீவுக்குப் போகிற வெங்காய மூட்டைக்கும் என்சைமுக்கும் என்ன சம்பந்தம்? படித்ததெல்லாம் பரணில் கிடந்தது.

ஆனால் எங்கள் தெருவில் யாருக்கு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தாலும் முதலில் என் வீட்டுக்குத்தான் வரும். பைலிரூபினா? சிவப்பணு உடையும்போது வருகிற மஞ்சள் சமாச்சாரம். எஸ்ஜிபிடியா? ஈரலுக்குள் இருக்க வேண்டிய என்சைம், ஈரலுக்கு அடிபட்டால் ரத்தத்தில் எட்டிப் பார்க்கும். ஹெச்பிஏ1சியா? சர்க்கரைக்கான டெஸ்ட்; முந்தின நாள் மட்டும் அல்வாவைத் தொடாமல் இருந்தால் ஏமாறாது, மூன்று மாசத்துக் கதையைச் சொல்லிவிடும். இப்படி விளக்குவேன். கேட்கிறவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். காபி போட்டுக் கொடுத்து உட்கார வைத்துச் சொல்வேன். படித்த படிப்பு வீண் போகவில்லை என்று அந்தப் பத்து நிமிஷம் எனக்குள் ஒரு குளிர்ச்சி. ஒளிப்பானேன்? அந்தக் குளிர்ச்சிக்காகத்தான் செய்தேன்.

அப்படி வந்தவர்தான் சவரிமுத்து அண்ணன்.

பழைய துறைமுகத்தில் தோணிகளுக்கு மூட்டை ஏற்றுகிற லோடுமேன். ஆபீஸ் நாட்களிலிருந்தே பழக்கம். என்னைவிட ஒரு வயது குறைவாக இருக்கலாம்; அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணன் என்பேன். தோள் இரண்டும் தேக்குக் கட்டை. போன வருஷம் ஆடி மாதம் விட்டு விட்டுக் காய்ச்சல் என்று டாக்டரிடம் போயிருக்கிறார். அவர் ரத்தம் டெஸ்ட் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். ரிப்போர்ட்டை வாங்கிய மனுஷன் டாக்டரிடம் போகாமல் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"யக்கா, காய்ச்சல் விட்டுட்டு. இதுல என்னமோ தடிச்ச எழுத்துல போட்டிருக்கு. என்னதுக்கா அது?"

கிரியேட்டினின். 1.7.

நான் உற்சாகமாகிவிட்டேன். எனக்கு ரொம்பப் பிடித்த பாடமாயிற்றே! தசை வேலை செய்யும்போது உண்டாகிற கழிவு அது, கிட்னி வடிகட்டி வெளியேற்றும், தசை அதிகம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும் என்று வகுப்பே எடுத்தேன்.

"உங்க தோளப் பாருங்க அண்ணே. நாள் பூரா மூட்ட தூக்குற உடம்பு. ஒண்ணரை, ஒண்ணே முக்கால்னு இருக்கத்தான் செய்யும். தண்ணி நெறையக் குடிங்க."

"அப்ப டாக்டர்கிட்ட போவாண்டாமா?"

"காய்ச்சல்தான் விட்டுட்டே... எதுக்கு வீணா அலைச்சல்?"

சந்தோஷமாகப் போனார். எனக்கும் சந்தோஷம்.

கிரியேட்டினின் என்றால் என்ன என்று நான் சொன்ன அர்த்தத்தில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. இன்றைக்கும் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒரு கேள்வி... ஒரே ஒரு கேள்வி நான் கேட்கவில்லை. 'அண்ணே, வேற ஏதும் மாத்திரை சாப்பிடுதீயளா?'

எட்டு மாதம் கழித்து அவருடைய மனைவி ரோஸ்லின் ஓடி வந்தாள். கால் வீங்கிவிட்டது, முகம் உப்பிவிட்டது, ரெண்டு நாளாகச் சாப்பிட்டதெல்லாம் வாந்தி. "டாக்டர் பேசுத இங்கிலீசு எங்களுக்குப் புரியாதுக்கா, நீங்களும் வாங்க" என்றாள். அர்த்தம் சொல்லத்தானே நான் இருக்கிறேன்? போனேன்.

கிட்னி டாக்டர் சின்ன வயசுக்காரர். புது ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் ஒன்பதைத் தாண்டியிருந்தது. உடனே டயாலிசிஸ் என்றார். அப்புறம்தான் கேட்டார், "வலி மாத்திரை ஏதாவது போடுவீங்களா?"

"முதுகுவலிக்குப் போடுவேன் சார். காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. ஆறேழு வருசமா. மெடிக்கல் அண்ணாச்சி குடுப்பாவ. அது இல்லன்னா மூட்டைக்குக் குனிய முடியாது."

டாக்டர் பழைய ரிப்போர்ட்டைப் புரட்டினார். "போன வருஷமே 1.7 இருந்திருக்கே. அப்பவே வந்திருந்தா அந்த மாத்திரையை நிறுத்தியிருப்போம். இவ்வளவு தூரம் விட்டிருக்க மாட்டோம். இதை யார்கிட்டயும் காட்டலையா?"

வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் சவரிமுத்து அண்ணன் சொன்னார்.

"காட்டல சார். நாந்தான் கிறுக்கன் மாதிரி அசால்ட்டா விட்டுட்டேன்."

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோஸ்லின் அங்கேயே பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட ஒண்ணுமில்லன்னுல்லா சொன்னீய? ரெண்டு பொட்டப் புள்ளைய வச்சுக்கிட்டு இப்படியா பண்ணுவீய?" அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க?" என்றார்.

"தெரிஞ்சவங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்!

வெளியே வராந்தாவில் அவரைத் தனியாகப் பிடித்து, "ஏன் அண்ணே அப்படிச் சொன்னீய?" என்று கேட்டேன்.

"அதெப்படிக்கா... நாலு பேரு முன்னால ஒங்க படிப்பக் கொறச்சிச் சொல்ல முடியுமா?"

ஒரு சொல்லின் அர்த்தம் புத்தகத்தில் இருக்கும். அது சவரிமுத்து என்கிற மனுஷன் உடம்பில் என்ன அர்த்தம் என்பது அவரைக் கேட்டால்தானே தெரியும்? நான் கிரியேட்டினினைப் பற்றிப் பேசினேன். அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது புரிய எனக்கு ஒரு மனுஷனின் இரண்டு கிட்னி தேவைப்பட்டிருக்கிறது. நினைத்தால் எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ். துறைமுகப் பக்கம் அவர் போகவே இல்லை. ரோஸ்லின் கருவாட்டுக் கடையில் வேலைக்குப் போகிறாள். போகும்போது ஒரு ஏச்சு, வரும்போது ஒரு ஏச்சு... ரிப்போர்ட்டை மறைத்து வைத்த மனுஷன் என்று. மூன்று மாதம் அது என் வீடு வரை கேட்டது. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

போன சனிக்கிழமை ரோஸ்லின் ஒரு கவரோடு வந்தாள்.

"யக்கா, அசதியா இருக்குன்னு நானும் டெஸ்ட் எடுத்தேன். அந்த மனுசன மாதிரி மறைச்சு வைக்க மாட்டேன். லேப்ல இருந்து நேரா ஒங்ககிட்டத்தான் வாரேன்."

கவரை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"ஏளா ரோஸ்லின், இங்கன உக்காரு. அண்ணன் அந்த ரிப்போர்ட்ட மறைக்கல. எங்கிட்டக் கொண்டுவந்து காட்டுனாவ. டாக்டர்கிட்ட போவாண்டாம்னு சொன்னது நாந்தான்."

"மூணு மாசமா நான் ஏசாத ஏச்சில்லையே யக்கா... ஒரு வார்த்த சொல்லலையே அந்த மனுசன்" என்றாள். கவரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "டாக்டர்கிட்ட காட்டிருளா" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை டயாலிசிஸ் நடக்கிற இடத்துக்கே போனேன். கையில் ஊசியோடு படுத்திருந்தார். தோள் இரண்டும் வற்றிப்போயிருந்தன. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அத ஏன் யக்கா அவகிட்டச் சொன்னீய? ஏசிக்கிட்டாவது இருந்தா. இப்ப ரெண்டு நாளா அழுதுக்கிட்டே கெடக்கா. ஏச்சே நல்லாருந்துச்சு."

அப்போதும் அவருக்கு என்மேல் கோபம் வரவில்லை பாருங்கள்... வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.